டிரான்ஸ்லைட் படம் கூர்மையாக வர எந்த ஃபிலிம், எத்தனை அடுக்கு?

நகைக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் விளக்குப் பெட்டியில் மாட்டியிருக்கும் மணப்பெண் படங்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். போட்டோகிராஃபரின் கம்ப்யூட்டரில் பட்டுச்சேலையின் ஜரிகை இழை இழையாகத் தெரிந்திருக்கும். அச்சாகிப் பெட்டிக்குள் போய் விளக்கு எரிந்ததும் அதே ஜரிகை ஒரே மஞ்சள் பட்டையாக நிற்கும். கடைக்காரர் அச்சகத்தைக் கேட்பார், அச்சகம் "ஃபைல் ரெசல்யூஷன் பத்தல சார்" என்று சொல்லும், போட்டோகிராஃபர் இன்னும் பெரிய ஃபைலை அனுப்புவார். மறுபடி அச்சடித்தாலும் ஜரிகை அப்படியேதான் இருக்கும்.

டிரான்ஸ்லைட் மாதிரி பின்னாலிருந்து விளக்கு எரியும் பின்னொளிப் படங்களில் கூர்மை போவதற்குப் பெரும்பாலும் ஃபைல் காரணம் இல்லை. படம் எத்தனை அடுக்கில் அச்சாகியிருக்கிறது, ஒளியைச் சிதறடிக்கும் அடுக்கு படத்துக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்ற மூன்றும்தான் முக்கால்வாசி விஷயத்தை முடிவு செய்கின்றன. ஃபிலிம் தேர்வைப் பற்றிப் பேசும்போது விலையையும் பளபளப்பையும் பேசுகிறோம், இந்த மூன்றையும் யாரும் கேட்பதில்லை. அதனால் கடைகளிலும் கண்காட்சிகளிலும் இன்று கிடைக்கும் வழிகளை இந்தக் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சாதாரணப் போட்டோவில் ஒளி முன்பக்கமிருந்து சாயத்துக்குள் போய், வெள்ளைக் காகிதத்தில் பட்டு, திரும்பவும் அதே சாயத்தின் வழியாக வெளியே வருகிறது. ஆக, இரண்டு முறை சாயத்தைக் கடக்கிறது. பின்னொளிப் படத்தில் ஒரே ஒரு முறைதான். அதே கறுப்பு வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சாயம் தேவை. அதை ஒரே பூச்சில் கனமாகப் போடலாம், அல்லது இரண்டு அடுக்காகப் பிரித்துப் போடலாம். கனமாகப் போட்டால் மை பரவும், ஒளி பூச்சுக்குள்ளேயே பக்கவாட்டில் அலையும். பிரித்துப் போட்டால் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். எந்த வழியில் போனாலும் கூர்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். எந்த வழியில் குறைவாக விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

சிதறல் அடுக்கைப் புரிந்துகொள்ள ஒரு பட்டர் பேப்பர் போதும். செய்தித்தாள் மேல் அதைப் படிய வையுங்கள், எழுத்து நன்றாகவே தெரியும். அப்படியே அரை சென்டிமீட்டர் தூக்குங்கள், எழுத்து கரைந்துவிடும். பேப்பர் மாறவில்லை, இடைவெளி மட்டும்தான் மாறியது. இப்போது பட்டர் பேப்பரைச் செய்தித்தாளுக்குப் பின்னால் வைத்து விளக்கைக் காட்டுங்கள். எவ்வளவு தள்ளி வைத்தாலும் எழுத்து மங்காது. சிதறடிக்கும் பொருள் படத்துக்குப் பின்னால் இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. முன்னால் வந்துவிட்டால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விலை கொடுக்க வேண்டும்.

எவ்வளவு மங்கல் கண்ணில் படும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல பார்வையுள்ள கண், கோணத்தில் ஒரு டிகிரியின் 60இல் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது சுமார் 0.17 மி.மீ., 1 மீட்டரில் 0.29 மி.மீ., 3 மீட்டரில் 0.87 மி.மீ. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாத் தேர்வும் எளிதாகிவிடும். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கோடாக் நிறுவனம் வைத்திருந்த கொலராமா படங்கள் 18 அடி உயரம், 60 அடி அகலம். பல துண்டுகளை ஒட்டித்தான் ஒவ்வொன்றையும் செய்தார்கள். மொத்தம் 565 படங்கள் அங்கே மாறி மாறி ஒளிர்ந்தன. நிலையத்தின் பெரிய கூடத்தில் நடந்து போகிறவர்களுக்கு அந்தத் தூரம் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டது. நம் நகைக்கடைக் கவுன்ட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ரசாயன ஃபிலிம்

டிரான்ஸ்லைட் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெயருக்குப் பின்னால் இருப்பது கோடாக்கின் டியூராட்ரான்ஸ், ஃபியூஜியின் ஃபியூஜிடிரான்ஸ் போன்ற வெள்ளி உப்பு ஃபிலிம்கள். லேசர் பிரின்டரில் ஒளியால் எழுதி, கலர் பேப்பருக்கான அதே ஆர்ஏ-4 முறையில் கழுவுவார்கள். பேப்பருக்கு டெவலப்பரில் 45 நொடி என்றால் இதற்கு 110 நொடி. ஒளி பதியும் பூச்சான எமல்ஷன் எவ்வளவு கனம் என்பது அந்த நேரத்திலேயே தெரிகிறது.

இதன் பெரிய பலம், புள்ளிகளே இல்லாத தொடர்ச்சியான நிறம். லாம்டா போன்ற லேசர் பிரின்டர் இன்ச்சுக்கு 200 அல்லது 400 பிக்சல் எழுதும். 400இல் ஒரு பிக்சல் 0.06 மி.மீ.தான். 60 சென்டிமீட்டரில் நின்றாலும் கண் அதைப் பிரிக்காது. முகத்தின் தோல், நிழல் மெல்ல மெல்ல வெளுக்கும் இடம், புகை, மேகம் இவற்றில் இதை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

பலவீனமும் அடுக்குகளில்தான் இருக்கிறது. ஒளியைச் சிதறடிக்கும் வெள்ளைப் பொருள் ஃபிலிமிலேயே இருக்கிறது. எழுதும்போது லேசர் ஒளி எமல்ஷனைக் கடந்து அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும். வரும்போது பக்கத்துப் பிக்சலையும் கொஞ்சம் எரித்துவிடும். இதைக் குறைக்கத்தான் எமல்ஷனுக்குள் பக்கவாட்டு ஒளியை உறிஞ்சும் சாயங்களைக் கலக்கிறார்கள். கழுவும்போது அவை போய்விடும். ஆனால் உறிஞ்சும் சாயம் கூடக் கூட ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், குறையும். அதனால் தயாரிப்பாளர் ஓரளவுக்கு மேல் போக முடியாது.

அடுக்குகளின் வரிசையும் சும்மா போட்டதல்ல. உள்ளே போகப் போக ஒளி சிதறும் என்பதால், அடியில் இருக்கும் அடுக்குதான் அதிகம் மங்கும். கண்ணோ பச்சை ஒளியில் நுணுக்கத்தை நன்றாகப் பிரிக்கும், நீலத்தில் மோசம். அதனால் சினிமா பிரின்ட் ஃபிலிமில் பச்சைக்கு வேலை செய்யும் மெஜன்டா அடுக்கை மேலே வைத்து, நீலத்துக்கான மஞ்சள் அடுக்கை அடியில் தள்ளிவிட்டார்கள். மஞ்சள் எவ்வளவு மங்கினாலும் கண் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பல வருஷங்களாக தியேட்டரில் நாம் கூர்மை என்று ரசித்ததில் இந்த வரிசைக்கும் பங்கு உண்டு.

இந்த இனத்திலேயே மிகக் கூர்மையானது சிபாகுரோம். அதில் சாயங்கள் முன்கூட்டியே அடுக்குகளுக்குள் இருக்கும், கழுவும்போது வேண்டாத இடத்தில் வெளுத்துவிடும். எழுதும் நேரத்தில் அந்தச் சாயங்களே சிதறும் ஒளியை விழுங்கிக்கொண்டதால் விளிம்புகள் கத்தி மாதிரி நின்றன. வான்கூவர் கலைஞர் ஜெஃப் வால் 1970களின் கடைசியில் ஆளுயர விளக்குப் பெட்டிகளில் படம் காட்டத் தொடங்கியபோது பயன்படுத்தியது இதைத்தான். தயாரிப்பு நின்றுபோனதால் இன்று அது நம் தேர்வில் இல்லை. அது போனதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ரசாயன ஃபிலிமைத் தேர்ந்தெடுப்பதில் இப்போதைய சிக்கல் வேறு. பெரிய அளவில் இதைக் கழுவித் தரும் லேப்கள் குறைந்துவிட்டன. இருக்கும் லேபிலும் வேலை குறைவாக வந்தால் ரசாயனம் சீராக இருக்காது. பக்கத்தில் நம்பகமான லேப் இருந்தால், கிட்டத்தில் பார்க்கும் படத்துக்கு யோசிக்காமல் இதை எடுங்கள்.

தெளிவான ஃபிலிம், பின்னால் ஓப்பல்

அடுத்தது, சிதறல் பொருள் துளியும் இல்லாத கண்ணாடி போன்ற ஃபிலிமில் அச்சடித்து, பின்னால் தனியாக ஓப்பல் எனும் பால்வெள்ளை அக்ரிலிக் ஷீட் வைப்பது. ரசாயன வகையில் டியூராகிளியர், இங்க்ஜெட்டில் பல கிளியர் ஃபிலிம்கள் உண்டு. பட்டர் பேப்பர் சோதனைப்படி பார்த்தால் இதுதான் மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். இருட்டறையில் அப்படித்தான் இருக்கிறது.

வெளிச்சமுள்ள கடையில் கதை மாறுகிறது. கடை விளக்கின் ஒளி முன்பக்கமிருந்து படத்தின் வழியாகப் போய் ஓப்பலில் படத்தின் நிழலை விழச்செய்கிறது. ஃபிலிமுக்கும் ஓப்பலுக்கும் இடைவெளி இருந்தால், அந்த நிழல் கொஞ்சம் தள்ளி விழுந்து இரட்டைப் படம் போலத் தெரியும். பெட்டி அணைந்திருக்கும்போது இது பளிச்சென்று கண்ணில் படும். எரியும்போதும் நிழலான பகுதிகளில் ஒரு சாம்பல் பூச்சு மாதிரி நின்று கறுப்பைக் கெடுக்கும். எனவே இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டினாலோ, இரண்டு பளபளப்பான பரப்புகள் தொடும் இடத்தில் வானவில் வளையங்கள் வரும். ஓப்பலின் பளபளப்பில்லாத மேட் பக்கத்தை ஃபிலிம் பக்கம் திருப்பினால் தீர்ந்தது. தூசியும் இதில் தொல்லை. தெளிவான பகுதியில் உட்கார்ந்த ஒரு துகள்கூடக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

மியூசியம், கேலரி மாதிரி வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடத்துக்கு இது நல்ல தேர்வு. கடைவீதிக்கு வேண்டாம்.

இங்க்ஜெட் பேக்லிட் ஃபிலிம், ஒரே அடுக்கு

பெரும்பாலானோர் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். பாலியஸ்டர் ஃபிலிம், ஒரு பக்கம் மை ஏற்கும் பூச்சு. முன்பக்கம் அச்சடிக்கும் வகையும் உண்டு, படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பின்பக்கம் அச்சடிக்கும் வகையும் உண்டு. பின்பக்க வகையில் பாலியஸ்டரின் பளபளப்பான பக்கம் பார்ப்பவரை நோக்கியிருக்கும். மையில் கீறல் விழாது, கறுப்பும் ஆழமாகத் தெரியும். ஆனால் படத்தைச் சிதறல் பூச்சின் வழியாகப் பார்க்கிறோம். அந்தப் பூச்சு மிக மெல்லியது, மையும் அதில் ஒட்டியே இருக்கிறது என்பதால் கண்ணுக்குத் தெரியும் மங்கல் வராது.

இங்கே கூர்மையைக் கொல்வது மை அளவு. ஒரே அடுக்கில் இரண்டு மடங்கு அடர்த்தி வேண்டும் என்று பிரின்டரில் பேக்லிட் மோடு போட்டதும் மை கொட்டுகிறது. பூச்சு தாங்கும் அளவைத் தாண்டினால் ஈரம் பக்கவாட்டில் ஊறி, மெல்லிய வெள்ளைக் கோடுகள் முதலில் மூடிக்கொள்ளும். கவனியுங்கள், கறுப்புக் கோட்டைவிட, கறுப்பு நடுவில் ஓடும் வெள்ளைக் கோடுதான் முதலில் சாகும். ஜரிகை மங்குவதும் இதனால்தான். அது கரும்பச்சைப் பட்டின் நடுவே ஓடும் வெளிர் கோடு. வேகத்தைக் குறைத்து அதிக பாஸில் (ஒரே இடத்தின் மேல் பிரின்ட் ஹெட் பல முறை ஓடும்படி), பாஸுக்குப் பாஸ் காய நேரம் கொடுத்து அடித்தால் அதே மை அளவில் கோடுகள் பிழைக்கும். அந்த ஃபிலிமுக்கென்றே போட்ட ஐசிசி புரொஃபைலும் (நிறத்தைச் சரியாக்கும் ஃபைல்) இங்க் லிமிட்டும் (மை அளவின் உச்சவரம்பு) இல்லாத அச்சகத்தில் எவ்வளவு நல்ல ஃபிலிம் வாங்கிக் கொடுத்தாலும் வீண்.

ஃபைலை பிரின்டரின் சொந்த ரெசல்யூஷனுக்கு மாற்றிக் கொடுப்பதும் உதவும். எப்சன் பெரிய பிரின்டர்களுக்கு 360, கேனனுக்கு 300. விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கை அதற்குப் பிறகு, கடைசியாகச் செய்யுங்கள்.

இரண்டு அடுக்கு: எப்போது, எப்படி

கறுப்பு போதவில்லை என்றால் அச்சகங்கள் சொல்லும் மருந்து டபுள் பிரின்ட். இது மூன்று விதமாக வரும். மையைப் புற ஊதா ஒளியில் உலர்த்தும் யூவி பிரின்டரில் ஒரே பக்கத்தில் கலர், வெள்ளை, கலர் என்று மூன்று அடுக்காக அடிப்பது. ஷீட்டைத் திருப்பி இரண்டு பக்கமும் அடிப்பது. இரண்டு தனி ஃபிலிம்களில் அடித்து ஒன்றன்மேல் ஒன்று வைப்பது.

எக்ஸ்ரே ஃபிலிமில் இந்தப் பிரச்சினை எப்போதோ வந்துவிட்டது. அதில் இரண்டு பக்கமும் எமல்ஷன் இருக்கும், எக்ஸ்ரேயை ஒளியாக மாற்றும் திரை ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டி நிற்கும். ஒரு பக்கத்துத் திரையின் ஒளி அடித்தளத்தைக் கடந்து மறுபக்கத்து எமல்ஷனையும் பதியவைத்து, எலும்பின் விளிம்பை மங்கலாக்கும். இந்த ஒளிக் கசிவைத் தடுக்க தட்டையான வெள்ளிப் படிகங்கள், நடுவில் உறிஞ்சும் சாயம் என்று கோடாக் போன்ற நிறுவனங்கள் 1980களில் பெரிய உழைப்பைப் போட்டன. இரண்டு அடுக்கு அடர்த்தியைத் தரும், ஆனால் அடுக்குகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் கூர்மையைத் தீர்மானிக்கும் என்பதை மருத்துவத்துறை அப்போதே தெரிந்துகொண்டது.

நம் படத்துக்கு எண்களில் பார்ப்போம். இரண்டு படங்களுக்கும் நடுவில் 0.18 மி.மீ. பாலியஸ்டர் மட்டும் இருந்தால், 30 டிகிரி சாய்வில் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று சுமார் 0.06 மி.மீ. விலகித் தெரியும். எந்தக் கவுன்ட்டரிலும் யாருக்கும் தெரியாது. நடுவில் 3 மி.மீ. அக்ரிலிக் வந்தால் விலகல் ஏறக்குறைய 1 மி.மீ. இது 3 மீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும். இரண்டு ஃபிலிமும் ஒட்டாமல் நடுவில் 1 மி.மீ. காற்று புகுந்து அலை அலையாக நின்றால் 0.58 மி.மீ. அதுவும் ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோர் இடத்தில் வேறு மாதிரி.

சூடு இன்னொரு எதிரி. எல்.இ.டி பெட்டிக்குள் 20 டிகிரி வெப்பம் ஏறினால் 1.2 மீட்டர் அக்ரிலிக் ஷீட் சுமார் 1.7 மி.மீ. நீளும். பாலியஸ்டர் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. ஒரு ஃபிலிமை அக்ரிலிக்கில் ஒட்டிவிட்டு மற்றதைத் தனியாக விட்டால், காலையில் பொருந்திய படம் மாலையில் ஓரங்களில் இரட்டையாகத் தெரியும். இரண்டு ஃபிலிம் என்றால் இரண்டையும் ஒரே மாதிரி விடுங்கள், மேல் ஓரத்தில் மட்டும் பிடித்து.

மூன்றில் யூவி பிரின்டரின் கலர்-வெள்ளை-கலர் முறைதான் பொருத்தத்தில் நம்பகமானது, அதுவும் ஷீட் அசையாமல் கிடக்கும் ஃபிளாட்பெட் பிரின்டரில். ரோலில் இழுத்துத் திருப்பி அடிக்கும் முறையில் அரை மில்லிமீட்டர் விலகல் சாதாரணம். ஆனாலும் யூவி முறையில் நடுவில் வெள்ளை இருப்பதால் பின் அடுக்கின் படம் சிதறித்தான் கண்ணுக்கு வரும். முன் அடுக்கு கூர்மை, பின் அடுக்கு மங்கல். இரண்டும் சேரும்போது பெரிய பரப்புகளின் அடர்த்தி இரட்டிப்பாகும், இழை போன்ற நுணுக்கங்களின் வேறுபாடு மட்டும் ஒரே அடுக்கு அளவிலேயே நிற்கும். விவரம் எதுவும் தொலையவில்லை, ஆனால் சுற்றியுள்ளது பலமாகி அது பலவீனமாகத் தெரியும். டபுள் பிரின்ட் படங்கள் கனமாகவும் சற்றே சோம்பலாகவும் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு நான் சிபாரிசு செய்யும் வழி, இரண்டு அடுக்குக்கும் ஒரே ஃபைலைக் கொடுக்காமல் இருப்பது. பின் அடுக்குக்கு நிழல் பகுதிகளை மட்டும் வைத்து, அச்சு அளவில் 1 மி.மீ. பரவும்படி வேண்டுமென்றே மங்கலாக்கிய ஃபைல். முன் அடுக்குக்கு முழுப் படம், நுணுக்கங்களின் வேறுபாட்டைக் கூட்டி. பின் அடுக்கு அடர்த்தியை மட்டும் தரும், வரைவது முழுக்க முன் அடுக்கின் வேலை. இரண்டும் அரை மில்லிமீட்டர் விலகினாலும் இரட்டைக் கோடு வராது, ஏனென்றால் பின் அடுக்கில் கோடே இல்லை. இரண்டு கூர்மையான படங்கள் லேசாக விலகி நிற்பதைவிட, ஒரு கூர்மையும் ஒரு மென்மையும் சேர்வது கண்ணுக்கு எவ்வளவோ மேல். அச்சகத்தில் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், சரி என்று சொல்லவைக்க வேண்டும்.

துணி பற்றி ஒரு வரி: ஃபிரேமில் இழுத்து மாட்டும் பேக்லிட் துணி 3 மீட்டருக்கு அப்பால் அழகு, நெசவே தெரியும் தூரத்தில் அதை இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டியதில்லை.

என் முடிவு

ஒரு மீட்டருக்குள் பார்க்கும் படத்துக்கு ஒரே அடுக்கு மட்டும். லேப் இருந்தால் ரசாயன டிரான்ஸ்லைட், இல்லாவிட்டால் பின்பக்கம் அச்சடிக்கும் இங்க்ஜெட் ஃபிலிம், மெதுவான மோடில். கறுப்பு கொஞ்சம் குறைந்தால் இரண்டாவது அடுக்கைத் தேடாதீர்கள். பெட்டியின் எல்.இ.டி வெளிச்சத்தை டிம்மரில் குறைத்துப் பாருங்கள். தேவைக்கு மேல் எரியும் பெட்டிதான் பல இடங்களில் கறுப்பைச் சாம்பலாக்குகிறது. ஒன்றரை முதல் மூன்று மீட்டர்வரை, பகலில் வெளிச்சம் படும் இடமாக இருந்தால், யூவி இரண்டு அடுக்கு, மேலே சொன்ன இரண்டு ஃபைல் முறையில். அதற்கும் அப்பால் விலையையும் மாட்டும் வசதியையும் பார்த்து முடிவு செய்யலாம்.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: முன்னால் என்ன மூடி வருகிறது? கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று பல ஃபிரேம்களில் மேட் அக்ரிலிக் போடுகிறார்கள். படத்திலிருந்து 5 மி.மீ. முன்னால் நிற்கும் மேட் பரப்பு பட்டர் பேப்பரைத் தூக்கிப் பிடித்த அதே வேலையைச் செய்யும். தெளிவான அக்ரிலிக் போதும். பிரதிபலிப்பு தொந்தரவு என்றால் மேட் லேமினேஷனைப் படத்தின் மேலேயே ஒட்டுங்கள், இடைவெளி இல்லாமல்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு அடித் துண்டு மாதிரி அச்சடிக்கச் சொல்லுங்கள். அதில் படத்தின் மிக நுணுக்கமான பகுதி, கறுப்புப் பின்னணியில் 1 பாயின்ட் வெள்ளைக் கோடுகள், 6 பாயின்ட் எழுத்து மூன்றும் இருக்கட்டும். அச்சக மேஜையின் லைட் டேபிளில் பார்த்துத் திருப்திப்படாமல், உங்கள் சொந்தப் பெட்டியில், மூடியோடு, கடை விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டு மாட்டுங்கள். ஒரு மணி நேரம் எரியவிட்டு, நேராக ஒரு முறையும் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு முறையும் பாருங்கள். நேராகப் பார்க்கும்போதே வெள்ளைக் கோடு மூடியிருந்தால் மை அதிகம். நேராக நன்றாக இருந்து சாய்வில் இரட்டையானால் அடுக்குகளின் இடைவெளி அதிகம். இரண்டிலும் எல்லாமே ஒரே சீராக மங்கலாக இருந்தால் மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் மங்கல் போகவில்லை என்றால் மட்டும் போட்டோகிராஃபரிடம் பெரிய ஃபைல் கேளுங்கள்.